உயிர்பெற்ற கருவிகள்

பெரிய மாப்பிள்ளை பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தன் கடைப் பைகளை அல்ல. எதிர்க்கடைப் பைகளை.

நடுவில் தெரு. நிதானமாக நடந்தால் பதினெட்டு எட்டு. இந்தப் பக்கம் பதினான்கு வருடமாக வீடியோ கேம் மெஷின் விற்கிற அவர் கடை. அந்தப் பக்கம் அதே மெஷின்களை இரண்டே வருடமாக விற்கிற இன்னொரு கடை. இவர் பை நீலம், அவன் பை மஞ்சள். காலை பத்து மணியிலிருந்து ஒன்பது மஞ்சள் பைகள் எதிர்ப் படியிறங்கிப் போயிருந்தன. ஒவ்வொரு பை இறங்கும்போதும் பெரிய மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் யாரோ ஒரு தீக்குச்சி கிழித்தார்கள்.

"பத்து," என்றார்.

"அது மெஷின் இல்ல சார். பை தட்டையா இருக்கு பாருங்க. கேம் டிஸ்க்," என்றார் கேஷியரம்மா, தலையைத் தூக்காமலே. "நம்ம கடைக்கு வந்த பார்சலை எண்ணச் சொன்னா மட்டும் கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்வீங்க."

கேஷியரம்மாவுக்கு மட்டும் அந்தக் கடையில் உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. வேறு இருக்கை கிடையாது. அது பெரிய மாப்பிள்ளையின் கொள்கை. வாங்க வருகிறவன் நிற்க வேண்டும். நின்றால் கால் வலிக்கும், வலித்தால் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய்விடுவான், அடுத்தவனுக்கு இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

எதிர்க்கடையிலோ பழுப்பு நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு வழியே பளிச்சென்று தெரியும். சரியாகப் பதினொரு மணிக்கு அந்த சோபாவின் இடது மூலையில் ஒரு வழுக்கைத் தலை வந்து சாயும். கையில் நியூஸ் பேப்பர்.

அந்த வழுக்கைத் தலை அவருடைய மாமனார்.

எதிர்க்கடைக்காரன், மாமனாரின் இன்னொரு மருமகன். மனைவியின் தங்கையைக் கட்டியவன். அந்த வீட்டில் இவர் பெரிய மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. முறைக்குச் சகலை. ஆனால் அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. எதிரில் ஷட்டர் ஏறிய அன்றோடு நின்றது.

"பணம் போட்டவர் முதலாளி மாதிரி தினமும் வந்து உட்கார்றார்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு வாட்ச். அவனுக்கு ஒரு கடை!"

"பணம் போட்டார்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? உட்கார்ந்திருக்கிற தோரணையே சொல்லுதே!"

அந்த நேரத்தில்தான் கம்பெனியின் ஏரியா மேனேஜர் உள்ளே வந்தார். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை, கையில் ஒரு கவர். உட்கார இடம் தேடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழகியவர் போல் கண்ணாடி அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

"சார், வர்ற வெள்ளிக்கிழமை புது மெஷின் இறங்குது."

"தெரியும்."

"தெரியாத ஒண்ணு சொல்றேன். இனிமே ஒரு தெருவுக்கு ஒரே டீலர்."

கேஷியரம்மாவின் கை கால்குலேட்டர் மேலேயே நின்றது. பெரிய மாப்பிள்ளை வாசலுக்கு மேலே தொங்கிய கம்பெனி போர்டை அனிச்சையாக நிமிர்ந்து பார்த்தார். விளக்கெரியும் போர்டு. பதினான்கு வருடமாக அந்தப் போர்டுதான் அவர் முகவரி, அவர் பெயர், அவர் மரியாதை எல்லாம்.

"ரெண்டு கடைக்கும் போட்டி சார். வெள்ளியிலேர்ந்து வியாழன் வரைக்கும் ஏழு நாள். ஜெயிக்கிற கடைக்குப் போர்டு இருக்கும். தோக்கிற கடையில கழட்டிடுவோம்."

"பெட்டிக்கு மார்ஜின் எவ்வளவு?"

ஏரியா மேனேஜர் சிரித்தார். "கடுகளவு. கம்பெனிக்கே ஒவ்வொரு பெட்டியிலயும் கைநஷ்டம் சார். செய்யற செலவுக்குக் கீழதான் விலையே வெச்சிருக்கு. மெஷின் வெறும் வாசக்கதவு. காசு உள்ள இருக்கு. கேம், ரிமோட், மாசச் சந்தா. ஒரு மெஷின் ஒரு வீட்டுக்குள்ள போயிட்டா, அது ஓடற வரைக்கும் கம்பெனிக்கு வரும்படி. உங்களுக்கும் அதுல பங்கு உண்டு."

"சரி, எத்தனை பெட்டி வித்தா ஜெயிப்பேன்?"

"போட்டிக் கம்பெனிக்காரன்தான் சார் பெட்டியை எண்ணுவான். குடோன்ல தூங்கற பெட்டியைக்கூட வித்துட்டேன்னு பேப்பர்ல போட்டுக்குவான். நம்ம கம்பெனி எண்ணற விதமே வேற. இதுல தெளிவா எழுதியிருக்கு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க." அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

பெரிய மாப்பிள்ளை கவரைப் பிரித்தார். இரண்டு பக்கச் சுற்றறிக்கை. எந்த ஊரிலோ எழுதி எவரோ தமிழாக்கியது. மூன்றாவது வரியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேளுங்கம்மா. 'மேற்படி ஏழு நாட்களில் தங்கள் கடை எண்ணின் கீழ் உயிர்பெற்ற கருவிகளின் எண்ணிக்கையே வெற்றியைத் தீர்மானிக்கும்.' உயிர்பெற்ற கருவிகளாம்! நாம விக்கிறது மெஷினா, ஆவியா?"

"வித்ததைத்தான் அப்படிச் சொல்றானா?"

"வேற என்ன? சம்பளம் குடுத்து ஆள் வெச்சு இப்படி எழுத வைக்கிறாங்க." இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலே கையெழுத்துப் போட்டார்.

எதிர்க்கடையில் சின்ன மாப்பிள்ளையும் அதே சுற்றறிக்கையை வைத்திருந்தான். சோபாவில் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க," என்றார் பெரிய மாப்பிள்ளை. "பரீட்சைக்குப் படிக்கிறான்."

*

வியாழக்கிழமை மாலை சின்ன மாப்பிள்ளை தெருவைக் கடந்து வந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கையில் அந்தச் சுற்றறிக்கை.

"அண்ணே, ஒரு நிமிஷம். இதுல ரெண்டாம் பக்கத்துல ஒரு விஷயம்…"

"கடை மூடற நேரம்."

"ஆறு மணிதான் ஆகுது."

"என் கடை. என் ஷட்டர். என் நேரம்."

"இல்ல அண்ணே, இந்த 'உயிர்பெற்ற'ங்கிற வார்த்தையை நீங்க…"

"தமிழ் டியூஷன் எடுக்க வந்தியா? உன் மாமனாருக்கு எடு. அவர்தான் நாள் பூரா சும்மா உட்கார்ந்திருக்கார்."

சின்ன மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. "உங்களுக்கும் அவர் மாமனார்தான் அண்ணே," என்று மெதுவாகச் சொன்னான்.

தடதடவென்று ஷட்டர் இறங்கியது. உள்ளே இருட்டில் பெரிய மாப்பிள்ளையும் கேஷியரம்மாவும்.

"அவர் போனதும் சொல்லுங்க," என்றார் கேஷியரம்மா. "எனக்கு பஸ் இருக்கு."

*

வெள்ளிக்கிழமை காலை தெருவே மிரண்டது.

நீலக் கடையின் வாசலில் ஒரு அட்டை. புது மெஷினின் விலை. அந்த விலையைப் பார்த்தவர்கள் ஒரு அடி பின்னால் வந்து மறுபடி படித்தார்கள். கம்பெனி இவருக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவு. விற்கிற ஒவ்வொரு பெட்டியும் அவர் கையைக் கடிக்கும்.

"சார், இது வியாபாரம் இல்ல. தானம்," என்றார் கேஷியரம்மா.

"ஏசி மாத்த வெச்சிருந்த பணம் இருக்குல்ல? அதுல சரிக்கட்டிடலாம்."

"இருக்கிற ஏசியில காத்துக்குப் பதிலா சத்தம்தான் வருது. உள்ள வந்தவன் வெந்து போறான்."

"வேகட்டும். வாங்கிட்டு வெளியே போய் ஆறிக்கட்டும். ஏழு நாள்! போர்டு நமக்கு. அப்புறம் எதிர்க்கடையில சோபா மட்டும்தான் விக்கலாம்."

கூட்டம் வந்தது. நின்றது, வியர்த்தது, வாங்கியது. பெரிய மாப்பிள்ளை பெட்டிகளைச் செங்கல் கைமாற்றுவதுபோல் கொடுத்துக்கொண்டே இருந்தார். பில், பை, அடுத்தவர். பில், பை, அடுத்தவர்.

பகல் ஒரு மணிக்கு அவர் அதைக் கவனித்தார்.

நீலப் பைகள் தெருவைக் கடந்துகொண்டிருந்தன.

இவரிடம் மெஷின் வாங்கிய ஆட்கள் நேராக எதிர்க்கடைப் படியேறினார்கள். உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார்கள். சின்ன மாப்பிள்ளை அவர்கள் பெட்டியைப் பிரித்து, மெஷினை ஒரு டிவியில் மாட்டி, ஏதேதோ தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். வெளியே வரும்போது நீலப் பையோடு ஒரு மஞ்சள் பையும் கையில் சேர்ந்திருந்தது.

வாங்க வந்த ஒரு பெண்ணைப் பிடித்து விசாரித்தார்.

"அதுவா? அங்க சும்மாவே செட் பண்ணித் தராங்களாமே. ஆரம்பத்துல ஏதேதோ கேக்குமாம். எனக்கு ஒண்ணும் புரியாது. ஏசியும் நல்லா இருக்கு."

ஒரு நொடி வயிறு பற்றியது. மறுநொடியே பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு குரூரமான குளிர்ச்சி.

"போகட்டும்," என்றார் கேஷியரம்மாவிடம். "பெட்டி வித்தது நாம. கூலியில்லாம உழைக்கிறது அவன். ரெண்டு கேம் விப்பானா, வித்துக்கட்டும். எண்ணிக்கை யாருக்கு?"

"நமக்குத்தான் சார். ஆனா அந்த ஆள் முட்டாள் மாதிரித் தெரியலையே."

"உங்களுக்கும் அவனைப் பிடிச்சுப் போச்சா?"

"எனக்கு அந்த சோபாவைப் பிடிச்சுப் போச்சு. பதினாலு வருஷமா முதுகுவலி."

முதல் நாள் அறுபத்துநான்கு பெட்டி. இரண்டாம் நாள் எழுபது. இரண்டு நாளும் மாமனார் எதிர்க்கடை சோபாவில் ஓரமாக ஒடுங்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தார். பேப்பரை மடித்து, வியர்த்து வந்த ஒருவருக்கு விசிறிகூட விட்டார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டில் பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, தங்கச்சி போன் பண்ணியிருந்தா. அவ வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிடுச்சாம். நம்ம கடையில வாங்கறவங்களுக்கும் சேர்த்து அவரே எல்லாம் சொல்லிக் குடுக்கறாராம். பாவம்."

"பாவமா?"

"அப்பாகூடச் சொன்னார். சின்ன மாப்பிள்ளைக்குப் பொறுமை ஜாஸ்தின்னு."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. பொறுமை. அவர் மளமளவென்று அறுபது எழுபது விற்றுக்கொண்டிருக்கிறார். வீட்டில் புகழ்ச்சி அவனுக்கு.

"அவர் போட்ட முதலுக்கு அவர் பாராட்டாம வேற யார் பாராட்டுவா?"

"எந்த முதல்?"

கைகழுவ எழுந்தபோது மனதுக்குள் ஒரு வாசகம் உருவாகியிருந்தது.

*

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பலகை ஏறியது. நாலடி நீளம். சிவப்பு எழுத்து. எதிர்க்கடையைப் பார்த்தபடி, கம்பெனி போர்டுக்கு நேர் கீழே.

'இது சொந்தக் காசில் நடக்கும் கடை. மாமனார் காசில் அல்ல.'

தெரு சிரித்தது. செல்போன் கடைக்காரர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடைக்காரர், "யாரையும் குறிப்பிடலையே?" என்று கேட்டுக் கண்ணடித்தார். பெரிய மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்.

எதிரே சின்ன மாப்பிள்ளை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடை திறக்க வந்தான். பலகையைப் பார்த்து நின்றான். மகள் என்னவோ கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் பூட்டைத் திறந்தான்.

பதினொரு மணிக்கு மாமனார் வந்தார். தெரு நடுவில் நின்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போய் சோபாவில் உட்கார்ந்தார். அன்று பேப்பரைப் பிரிக்கவில்லை.

"ரொம்ப ஜாஸ்தி சார்," என்றார் கேஷியரம்மா.

"உண்மை சுடும்."

"அது உண்மைதானான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நீலப் பைகள் அன்றும் தெருவைக் கடந்தன. சின்ன மாப்பிள்ளை அன்றும் பெட்டிகளைப் பிரித்தான், மாட்டினான், தட்டினான். ஒரே ஒரு வித்தியாசம். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு மெஷினையும் முடித்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டுவான். பெரிய மாப்பிள்ளை அதைத் திமிர் என்று நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தத் தலையாட்டல் இல்லை.

"பயந்துட்டான்," என்றார்.

ஏழாம் நாள் சாயங்காலம் கடைசிப் பில்லைக் கிழித்துக் கொடுத்ததும் கேஷியரம்மா கூட்டிச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு. எதிரே எத்தனை மஞ்சள் பையில் மெஷின் போயிற்று என்பது பெரிய மாப்பிள்ளைக்கே தெரியும். ஏழு நாளும் எண்ணியிருக்கிறாரே! நூற்றுத் தொண்ணூறு.

இரட்டிப்புக்கு மேல்! ஏசிப் பணம் காலி, அதற்குமேலும் கொஞ்சம் காலி. போனால் போகிறது. பெரிய மாப்பிள்ளை தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். எதிர்க்கடையைத் தவிர.

*

வெள்ளிக்கிழமை காலை ஏரியா மேனேஜர் வந்தார். கூடவே ஏணியோடு இரண்டு பேர்.

"எதிர்க்கடைக்குத்தானே?" என்று பெரிய மாப்பிள்ளை கையை நீட்டினார். "அந்தப் பக்கம் போங்கப்பா."

ஏணிக்காரர்கள் நகரவில்லை.

"சார்…" ஏரியா மேனேஜர் டையைத் தளர்த்தினார். "உங்க எண்ணிக்கை நூத்திப் பதினெட்டு. அவங்க முன்னூத்தி எழுபத்தொண்ணு."

"என்ன உளர்றீங்க? நானூத்திப் பன்னிரண்டு! ஒவ்வொண்ணுக்கும் பில் இருக்கு!"

"பில் இருக்கும் சார். பில்லை யார் கேட்டா? உயிர்பெற்ற கருவிதான் கணக்குன்னு எழுதிக் குடுத்தேனே."

"உயிர்பெற்ற மண்ணாங்கட்டி! வித்ததுன்னு அர்த்தம்!"

"வித்தது இல்ல சார். ஓட ஆரம்பிச்சது. ரெண்டாம் பக்கத்துல விளக்கமா இருக்கு. மெஷினை முதல்தடவை ஆன் பண்ணினா, எந்தக் கடைன்னு கேட்கும். கடை எண்ணை அடிக்கணும். எந்த எண்ணை அடிக்கிறாங்களோ அந்தக் கடை கணக்குல அது சேரும். போட்டிக்கு மட்டும் இல்ல. அந்த மெஷின்ல இனிமே வாங்கற ஒவ்வொரு கேமுக்கும் அந்தக் கடைக்குத்தான் பங்கு. அதனாலதான் பெட்டியில மார்ஜினே வைக்கலைன்னு அன்னிக்கே சொன்னேன். அடிக்காம விட்டா யாருக்கும் இல்ல."

பெரிய மாப்பிள்ளைக்குக் கண் முன்னால் பெட்டிகள் போயின. பில், பை, அடுத்தவர். ஒன்றையாவது பிரித்தாரா? ஆன் செய்தாரா? நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடமாவது, "இந்த எண்ணை அடிங்க" என்று சொன்னாரா?

"என் பெட்டியையெல்லாம் பிரிச்சு அவன் எண்ணை அடிச்சுட்டான்!" பல்லைக் கடித்தார். "திருட்டுப் பய!"

"ஒரு நிமிஷம் சார்." கேஷியரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் விஷயம் பெரிது. "நாம ஒருத்தருக்கும் எண் சொல்லல. சொல்லணும்னே நமக்குத் தெரியாது. அப்ப அந்த நூத்திப் பதினெட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஏரியா மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். நாள்வாரிப் பட்டியல். கேஷியரம்மாவின் விரல் அதில் இறங்கியது.

வெள்ளி: ஐம்பத்தேழு. சனி: அறுபத்தொன்று.

ஞாயிறு: பூஜ்யம். திங்கள்: பூஜ்யம். அதற்குக் கீழே எல்லாமே பூஜ்யம்.

பெரிய மாப்பிள்ளை அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வாசலுக்கு மேல் தொங்கும் பலகையின் பின்புறம் உள்ளிருந்து தெரிந்தது. எந்தக் காலை அதை மாட்டினார்?

கேஷியரம்மா பேனாவை எடுத்து தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அவங்க சொந்தமா வித்தது நூத்தித் தொண்ணூறு. மீதி நூத்தி எண்பத்தொண்ணு நம்ம பெட்டி, ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம். அது நம்ம எண்ல விழுந்திருந்தா நமக்கு இருநூத்தித் தொண்ணூத்தொன்பது." பேனாவை மூடினார். "ஜெயிச்சிருப்போம் சார்."

*

பதினெட்டு எட்டு. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் அதை நடந்தார்.

சோபாவில் மாமனார் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. சின்ன மாப்பிள்ளை ஒரு ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"முதல் ரெண்டு நாள் என் எண்ணை அடிச்சது நீயா?"

"பின்ன, ஆவியா?"

"ஏன்?"

"உங்க பையில வந்த பெட்டி. உங்க எண்ணைத்தானே அடிக்கணும்? எல்லாக் கடை எண்ணும் ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்துச்சு. அதைத் திருப்பாமலே நீங்க கையெழுத்துப் போட்டது இங்கேர்ந்தே தெரிஞ்சுது. வியாழக்கிழமை சொல்ல வந்தேன். ஷட்டரை என் மூக்குல இறக்கினீங்க."

"ஞாயித்துக்கிழமை ஏன் நிறுத்தினே?"

இப்போது அவன் நிமிர்ந்தான்.

"என் பொண்ணு இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. நாலெழுத்து எங்க தெரிஞ்சாலும் நின்னு படிப்பா. உங்க பலகையை 'மா… ம… னார்… கா… சில்'னு தெருவுல நின்னு சத்தமா படிச்சா. 'தாத்தா காசாப்பா?'ன்னு கேட்டா. எனக்கு வாய் வரலை அண்ணே."

ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"ஏழு வருஷம் இன்னொருத்தர் கடையில நின்னு சேர்த்த சம்பளம். அப்புறம் என் பைக்கை வித்த காசு. அதுதான் இந்தக் கடை. மாமா குடுத்தது அதோ, அந்தச் சுவர்க் கடிகாரம். அதுவும் பத்து நிமிஷம் லேட்டு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பேட்டரி மாத்தச் சொன்னேனே, மாத்துனீங்களா மாப்பிள்ளே?"

"அப்ப நீங்க ஏன் தினமும் இங்கயே…" பெரிய மாப்பிள்ளையின் குரல் அவரையும் மீறி உடைந்தது. "பதினாலு வருஷமா என் கடை இருக்கு. ஒருநாளாவது வந்து உட்கார்ந்திருக்கீங்களா மாமா?"

பேப்பர் இறங்கியது. மாமனார் அவரை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"எதுல உட்கார்றது மாப்பிள்ளே?"

யாரும் சிரிக்கவில்லை. பெரிய மாப்பிள்ளை கண்ணாடிக் கதவு வழியே தன் கடையின் ஒற்றை ஸ்டூலைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நினைச்சீங்களா?" சின்ன மாப்பிள்ளை இன்னும் முடிக்கவில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வீட்ல எது செஞ்சாலும், 'பெரிய மாப்பிள்ளை மாதிரி வருமா'ன்னுதான் பேச்சு. அதனாலதான் உங்க கடைக்கு எதிர்லயே கடை பிடிச்சேன். ஞாயித்துக்கிழமை உங்க பெட்டியில என் எண்ணை அடிச்சப்ப கை கொஞ்சங்கூட நடுங்கல. நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"பெரிய மாப்பிள்ளை மாதிரி வருமா…ன்னு சொல்வாங்களா?"

"இன்னும் சொல்றாங்க."

அதைக் கேட்டதும், அந்த நிலைமையிலும், பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு துளி சந்தோஷம் வந்தது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று. திரும்பி நடந்தார்.

ஏணிக்காரர்கள் கம்பெனி போர்டுக்கு நேராக ஏணியைச் சாய்த்து, ஸ்பானரோடு ஏறத் தொடங்கியிருந்தார்கள். செல்போன் கடைக்காரர் இன்றும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இறங்குப்பா," என்றார் பெரிய மாப்பிள்ளை. "ஏணியை முதல்ல எனக்குக் குடு."

"போர்டை நாங்க கழட்டறோம் சார். அது கம்பெனி சொத்து."

"உன் போர்டை நீ கழட்டு. என் பலகையை நான் கழட்டணும்."

ஏறினார். நாலு ஆணி. ஞாயிற்றுக்கிழமை ரொம்பவும் அழுத்தமாக அடித்திருந்தார். ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கேஷியரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கச் சொல்லி, ஏணிக்காரரிடம் கொடுத்தார்.

உடனே இறங்கவில்லை. ஏணி உச்சியிலிருந்து எதிர்க்கடையின் உள்ளே முழுவதும் தெரிந்தது. கீழே நின்று பார்த்தபோது தெரியாத மூலைகள்கூட. சோபாவில் மாமனார். அவர் பக்கத்தில் நீலப் பையோடு ஒரு தாயும் மகளும். நேற்று மாலை இவரிடம் வாங்கியவர்கள். வியர்த்து விறுவிறுத்து ஓடியவர்கள். இப்போது சாய்ந்து உட்கார்ந்து, கால் நீட்டி, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். போவதற்கு எந்த அவசரமும் இல்லாத சிரிப்பு. போவதற்கு முன் கட்டாயம் எதையாவது வாங்கிக்கொண்டு போவார்கள்.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. ஆனால் இந்தத் தடவை எதற்காக எரிகிறது என்று தெளிவாகத் தெரிந்தது.

சின்ன மாப்பிள்ளை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய மாப்பிள்ளை ஏணியின் மேலிருந்து கூப்பிட்டார். இரண்டு வருடத் துருப்பிடித்த வார்த்தை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.

"சகலை!"

"சொல்லுங்கண்ணே!"

"அந்த சோபாவை எந்தக் கடையில வாங்கினீங்க?"